தகனத்துக்கு ஆங்கிலச் சொல்

பத்து வயதில் எனக்குத் தெரியாத ஆங்கிலச் சொல் என்று ஒன்று இருக்கவில்லை. அப்படித்தான் நான் நம்பினேன், வீட்டிலும் அப்படித்தான் நம்பினார்கள். கவுன்சிலிலிருந்து கடிதம் வந்தால் அதை உடைத்து வாசிப்பது நான். டாக்டரிடம் போனால் அம்மாவுக்கும் டாக்டருக்கும் நடுவில் உட்கார்ந்து இரண்டு பக்கமும் பேசுவது நான். பொய்லர் வேலை செய்யாவிட்டால் ஃபோனை எடுத்து, குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி, அம்மாவின் பெயரில் முறையிடுவதும் நான்தான். தெரியாத சொல் வந்தால் நான் தடுமாறுவதில்லை. அதற்கு முன்னால் இருப்பதையும் பின்னால் இருப்பதையும் பார்த்து ஒரு அர்த்தத்தை அடித்துவிடுவேன். ஒருமுறை அப்பாவின் முழங்கால் வலிக்கு ஆஸ்பத்திரியிலிருந்து 'ரெஃபரல்' என்று ஒரு கடிதம் வந்தது. ரெஃபரி என்ற சொல் எனக்குத் தெரிந்திருந்ததால், முழங்காலைப் பார்க்க ஒரு நடுவர் வரப்போகிறார் என்று விளக்கினேன். அப்பா தலையாட்டினார். அதற்கு முன் இரண்டு டாக்டர்கள் இரண்டு விதமாகச் சொல்லியிருந்ததால் அவருக்கு அது நியாயமாகவே பட்டது.

அப்போது நாங்கள் தோர்ண்டன் ஹீத்தில் ஒரு வீட்டின் மேல்மாடியில் இருந்தோம். அப்பாவுக்குப் பெட்ரோல் ஸ்டேஷனில் வேலை. அம்மா, இரண்டு பஸ் தரிப்பு தள்ளியிருந்த ஒரு செகண்டரி பள்ளிக்கூடத்தின் கன்டீனில் மத்தியானச் சாப்பாடு பரிமாறினார். தலைக்கு வலை போட்டுக்கொண்டு, கையில் பெரிய கரண்டியோடு, வரிசையில் வரும் தட்டுகளில் உருளைக்கிழங்கு வைப்பது அவருடைய பகுதி. யாழ்ப்பாணத்தில் அவர் இரண்டு வருஷம் தொண்டர் ஆசிரியையாக இரசாயனவியல் படிப்பித்தவர். சம்பளம் கிடையாது, என்றாவது நியமனம் வரும் என்று காத்திருக்க வேண்டும். நியமனத்துக்கு முதல் கல்யாணம் வந்தது, கல்யாணத்தோடு லண்டன் வந்தது. இது எனக்குத் தெரிந்த விஷயம்தான். ஆனால் கரும்பலகைக்கு முன்னால் நின்ற அந்தப் பெண்ணும், வேலை முடிந்து வந்து கால் வீங்கி உட்கார்ந்திருக்கும் அம்மாவும் ஒரே ஆள் என்று நான் யோசித்துப் பார்த்ததில்லை.

ஒரு நாள் அம்மா தன் ஃபோனில் ஒரு படம் எடுத்து வந்தார். கன்டீனுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல். சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை.

"இஞ்சை வா பிள்ளை. உதிலை என்ன எழுதிக்கிடக்கெண்டு வடிவா வாசி."

நான் வடிவாக வாசித்தேன். பள்ளிக்கூடத்தின் விஞ்ஞானப் பகுதிக்கு லாப் டெக்னீஷியன் ஒருவர் தேவை. ஆய்வுகூடத்தில் வகுப்புகளுக்கு வேண்டிய கருவிகளையும் கரைசல்களையும் ஆயத்தம் செய்ய வேண்டும். இன்டர்வியூவில் ஒரு சின்னச் செய்முறை இருக்கும்: ஒரு எரிபொருள் எரியும்போது எவ்வளவு சக்தி வெளிவருகிறது என்று அளந்து காட்ட வேண்டும். நான் அதைத் தமிழில் சொல்லி முடிக்கவும் அம்மா சிரித்தே விட்டார்.

"உதை நான் நித்திரையிலையும் செய்வன்" என்றார்.

விண்ணப்பத்தை நான்தான் நிரப்பினேன். பத்து நாளில் அழைப்பு வந்தது. வியாழக்கிழமை, பின்னேரம் இரண்டு மணி, அதாவது சாப்பாட்டு வரிசை முடிந்த கையோடு. அப்பாவுக்குத்தான் இது பிடிக்கவில்லை. விஞ்ஞானப் பகுதித் தலைவர் ஒவ்வொரு நாளும் தட்டோடு கன்டீன் வரிசையில் வருகிறவர். அதை அப்பா பிடித்துக்கொண்டார்.

"இஞ்சாரும், கன்டீனிலை நல்லாத்தானே இருக்கிறீர். உது கிடைக்காட்டி அடுத்த நாள் அந்த மனுசனுக்கே நீர் சாப்பாடு போட வேணும். யோசிச்சுப் பாத்தீரோ?"

"போடுவன். உருளைக்கிழங்கு ஒண்டு கூட வைச்சே போடுவன்" என்றார் அம்மா.

வாய் அப்படிச் சொன்னாலும், அன்றிலிருந்து அவர் வேறு மாதிரி இருந்தார். கறியைக் கிளறிக்கொண்டே உதட்டுக்குள் எதையோ பெருக்குவார். பஸ்ஸில் போகும்போது விரலால் மடியில் எண்கள் எழுதுவார். சேலையோ நகையோ ஒரு நாளும் கேட்டறியாத அம்மா, ஒரு வேலைக்கு இவ்வளவு ஆசைப்படுவதைப் பார்க்க எனக்கு வியப்பாகவும் கொஞ்சம் பயமாகவும் இருந்தது. ஆனால் நான் இருக்கும்போது என்ன பயம் என்றும் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை குசினியில் ஒத்திகை நடந்தது. முதல் வேலையாக அம்மா கதிரையில் ஏறி, புகை அலாரத்துக்கு ஷவர் தொப்பியை மாட்டினார். மீன் பொரிக்கும் நாட்களில் எங்கள் வீட்டிலும் எங்களுக்குத் தெரிந்த எல்லார் வீடுகளிலும் நடக்கும் ஏற்பாடு அது. கீழே வீட்டுக்காரர் இருந்தார், அலாரம் அடித்தால் அவர் மேலே வருவார், வந்தால் நான் மொழிபெயர்க்க வேண்டிவரும். பிறகு கருவிகள் வந்தன. மீன் அடைத்து வந்த தகர ரின் ஒன்று, கழுவி எடுத்தது. கேக் ஆற வைக்கும் கம்பித்தட்டு, அதைத் தாங்க இரண்டு ஜாம் போத்தல்கள். மா நிறுக்கும் தராசு. கன்டீனில் கோழி வெந்துவிட்டதா என்று குத்திப் பார்க்கும் வெப்பமானி, மேலாளரிடம் கேட்டு வாங்கி வந்தது. எரிபொருளாக ஒரு சின்னத் தட்டு மெழுகுவர்த்தி. இன்டர்வியூவில் மெழுகு தரமாட்டார்கள், எதனோல் என்ற ஸ்பிரிட்தான் தருவார்கள், ஆனால் கணக்கு ஒன்றுதான் என்று அம்மா சொன்னார்.

அந்தக் கணக்கை அவர் எனக்குச் சொன்ன விதம் இன்றைக்கும் காதில் இருக்கிறது. மெழுகை முதலில் நிறு, எரிந்த பிறகு நிறு, குறைந்ததுதான் எரிந்தது. ரின்னுக்குள் இருநூறு கிராம் தண்ணீர். தண்ணீரின் சூட்டை முதலில் பார், பிறகு பார். ஒரு கிராம் தண்ணீரை ஒரு பாகை சூடாக்க நாலு தசம் இரண்டு யூல் வேண்டும். மூன்றையும் பெருக்கு. தண்ணீர் வாங்கிய வெப்பம் வந்துவிடும். அதை எரிந்த மெழுகின் நிறையால் பிரி.

"யூல் இல்லை அம்மா, ஜூல்" என்றேன் நான்.

"ஜூல்" என்று திருப்பிச் சொல்லி, எழுதியிருந்ததை வெட்டித் திருத்திக்கொண்டார். என் முதுகு நிமிர்ந்தது.

தண்ணீர் முப்பது பாகை ஏறியது. மெழுகு இரண்டு கிராம் குறைந்தது. இருநூறு, நாலு தசம் இரண்டு, முப்பது, பெருக்கினால் இருபத்தையாயிரத்து இருநூறு. இரண்டால் பிரித்தால் கிராமுக்குப் பன்னிரண்டாயிரத்து அறுநூறு ஜூல். புத்தகத்தில் எவ்வளவு என்று கேட்டேன். ஏறத்தாழ நாற்பத்திரண்டாயிரம் என்றார். எந்தப் புத்தகம் என்று கேட்டேன். எனக்குத் தெரியும் என்று மட்டும் சொன்னார். பிறகு ரின்னையும் மெழுகையும் சுற்றி ஈயத்தாளால் ஒரு வேலி கட்டி மறுபடி செய்தார். குசினி முழுக்கச் சுடுதண்ணீரில் அவிந்த மீன் வாசம். இந்த முறை அதே இரண்டு கிராமுக்கு நாற்பது பாகை ஏறி, பதினாறாயிரத்து எண்ணூறு வந்தது. அப்போதும் பாதிகூட இல்லை. நித்திரையிலும் செய்வேன் என்றவருக்கு இப்படி வந்ததில் எனக்கு அவமானமாகிவிட்டது. அம்மா ரின்னை ஆற வைக்கத் திரும்பிய நேரம், கணக்கு எழுதிய கொப்பியில் அந்த எண்ணை அழித்துவிட்டு 42,000 என்று எழுதினேன். உதவி செய்வதாகத்தான் நினைத்தேன்.

"என்ன பிள்ளை, களவு செய்யிறியோ?"

"புத்தகத்திலை அப்பிடித்தானே கிடக்கெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

"புத்தகத்திலை கிடக்கிறது புத்தகத்திலை கிடக்கட்டும். நாங்கள் கண்டதைத்தான் நாங்கள் எழுத வேணும். தண்ணிக்குப் போனது இவ்வளவு. மிச்சம் குசினிக்குப் போட்டுது."

என் கையைப் பிடித்து ஈயத்தாளுக்குக் கிட்டக் கொண்டுபோனார். சுட்டது. கம்பித்தட்டு, ஜாம் போத்தலின் மூடி, அதற்கு மேலேயிருந்த காற்று, எல்லாவற்றையும் காட்டினார். ரின்னின் அடியில் படிந்திருந்த கரியைச் சுரண்டி, இது முழுசாய் எரியாமல் தப்பினது என்றார். கன்டீன் அம்மா அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. அழித்ததைத் திரும்ப எழுதிக் கொடுத்தேன்.

அதற்குப் பிறகுதான் சொல் பிரச்சினை வந்தது. தான் கண்டுபிடித்த இந்த எண்ணுக்கு ஆங்கிலத்தில் பெயர் என்ன என்று அம்மா கேட்டார். தமிழில் அது தகன வெப்பம். வெப்பம் ஹீட், அது அவருக்கே தெரியும். தகனம்? எரிகிறதுதானே, 'பேர்னிங்' என்று சொல்லுங்கள் என்றேன். அம்மாவுக்கு அது போதவில்லை. அடுப்படியில் பேர்னிங் என்று யாரும் சொல்லலாம், விஞ்ஞானத்தில் அதற்கென்று ஒரு சொல் இருக்கும், அந்தச் சொல்லைச் சொன்னால்தான் படித்தவள் என்று அவர்களுக்கு விளங்கும் என்றார். அவருடைய பிடிவாதம் முழுவதும் அந்த ஒரு சொல்லில் வந்து நின்றது. கண்டுபிடித்துத் தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். தகனம் என்ற தமிழ்ச் சொல்லை அன்றைக்குத்தான் முதல்முறையாகக் கேட்கிறேன் என்பதை நான் சொல்லவில்லை.

அந்த நேரம் பார்த்து இல்ஃபோர்ட்டிலிருந்து சின்னம்மா ஃபோன் எடுத்தார். பன்னிரண்டு வருஷம் பாரிஸில் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர். அம்மாவின் தங்கச்சி என்றாலும் அம்மாவைவிட நாலு மடங்கு சத்தம். அம்மா கை முழுக்கக் கரியோடு நின்றதால் ஃபோனை நான் எடுத்தேன். அம்மா எங்கே என்று கேட்டார்.

"அம்மா தகனத்திலை நிக்கிறா, சின்னம்மா. வியாழக்கிழமையும் தகனம் இருக்கு."

"ஐயோ! ஆர் பிள்ளை?"

"எதனோல்."

"எந்த எதனோல்? அம்மாவின்ரை பக்கமோ, அப்பாவின்ரை பக்கமோ?"

"ஸ்கூல் பக்கம், சின்னம்மா."

பாவம், எத்தனை வயது என்று கேட்டார் சின்னம்மா. அம்மா ஓடிவந்து ஃபோனைப் பறிக்க வேண்டியதாகிவிட்டது. அதற்குள் இல்ஃபோர்ட்டில் வெள்ளைச் சேலை அலுமாரியிலிருந்து வெளியே வந்துவிட்டது என்று பின்னர் கேள்விப்பட்டோம். சிரித்து முடிந்து, ஃபோன் மறுபடி என் கைக்கு வந்தபோது, தகனம் என்றால் உண்மையில் என்ன என்று சின்னம்மாவிடம் குரலைத் தாழ்த்திக் கேட்டேன். செத்தவர்களை எரிப்பது என்றார். அதற்கு ஆங்கிலம்? கிரெமேஷன் என்றார் தயங்காமல். பிரெஞ்சிலும் கிட்டத்தட்ட அதே சொல்தான் என்று ஒரு சாட்சியையும் சேர்த்துக்கொண்டார். நான் கவனமான பிள்ளை, அதோடு விடவில்லை. அம்மாவின் ஃபோனில் இருந்த மொழிபெயர்ப்பில் தகனம் என்று தட்டிப் பார்த்தேன். அதுவும் கிரெமேஷன் என்றே சொன்னது. இரண்டு மொழிகளும் ஒரு ஃபோனும் ஒத்துக்கொண்ட பிறகு வேறென்ன வேண்டும்?

ஹீட் ஒஃப் கிரெமேஷன் என்று அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அம்மா கொஞ்சம் யோசித்தார்.

"அது செத்த வீட்டுச் சொல்லெல்லோ பிள்ளை?"

"தமிழிலையும் அதே சொல்தானே, அம்மா."

தமிழில் மெழுகும் தகனம்தான் ஆகிறது, மனிதர்களும் தகனம்தான் ஆகிறார்கள், ஆங்கிலத்தில் மட்டும் ஏன் வேறு வேறாக இருக்க வேண்டும்? ஓம், அதுவும் சரிதான் என்று கொப்பியில் எழுதிக்கொண்டார். அன்றிலிருந்து வியாழன் வரை அந்தச் சொல் எங்கள் வீட்டில் வாழ்ந்தது. கி-ரெ-மே-ஷன் என்று நான் பிரித்துப் பிரித்துச் சொல்ல, அம்மா இடியப்பம் பிழிந்துகொண்டே திருப்பிச் சொன்னார். 'ரெ'யை அழுத்தாதீர்கள், 'மே'யை அழுத்துங்கள் என்று திருத்தினேன். புதன்கிழமை அவர் அதைச் சொன்னபோது லண்டனில் பிறந்தவர் மாதிரியே இருந்தது. அதில் எனக்கிருந்த பெருமை கொஞ்சநஞ்சமில்லை.

வியாழக்கிழமை நான் என் பள்ளிக்கூடத்தில் இருந்தேன். நடந்ததெல்லாம் அன்று பின்னேரம் அம்மா சொல்லக் கேட்டதுதான். கடைசித் தட்டுக்கும் உருளைக்கிழங்கு வைத்துவிட்டு, தலைவலையைக் கழற்றி, கழிப்பறையில் உடுப்பு மாற்றிக்கொண்டு இரண்டாம் மாடிக்கு ஏறியிருக்கிறார். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள், நடுவில் அந்தத் தலைவர். கன்டீனில் கரண்டியோடு பார்த்த முகத்தை அங்கே பார்த்ததில் அவருக்குக் கொஞ்சம் ஆச்சரியம், ஆனால் மரியாதையாக எழுந்து நின்றாராம். மேசையில் எதனோல் விளக்கும் செப்புப் பாத்திரமும் இருந்தன. பக்கத்தில் ஒரு தாள், அதில் புத்தகப் பெறுமானம்: கிராமுக்கு ஏறத்தாழ முப்பது கிலோஜூல்.

அம்மா நூறு கிராம் தண்ணீர் எடுத்தார். இருபத்தைந்து பாகை ஏற்றினார். எதனோல் தசம் ஏழு கிராம் எரிந்தது. கல்குலேட்டர் கொடுத்தார்களாம், தொடவில்லை. பத்தாயிரத்து ஐந்நூறு ஜூல், தசம் ஏழால் பிரித்தால் பதினைந்தாயிரம், அதாவது பதினைந்து கிலோஜூல். புத்தகத்தில் இருப்பதில் சரி பாதி. தலைவர் முடிவைக் கேட்டதும், அம்மா எழுந்து நின்று, நான் பழக்கிய வசனத்தை அப்படியே சொன்னார்: எதனோலின் ஹீட் ஒஃப் கிரெமேஷன் கிராமுக்குப் பதினைந்து கிலோஜூல். ஓரத்தில் இருந்த இளம் பெண் சட்டென்று குனிந்து தன் தாளைப் பார்த்தாளாம். தலைவர் "சொறி?" என்று கேட்டாராம். தன் குரல் போதவில்லை என்று நினைத்து, அம்மா இன்னும் சத்தமாக, 'மே'யை நன்றாக அழுத்தி, மறுபடி சொன்னார்.

"பிறகு?" என்றேன் நான், கதிரையின் நுனியில் இருந்து.

பிறகு அவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்டார்கள். முப்பது வர வேண்டிய இடத்தில் பதினைந்து வந்திருக்கிறதே, என்ன செய்வீர்கள்? அம்மா மேசைக்குப் போய்ப் பாத்திரத்தைத் தொட்டார், தாங்கியைத் தொட்டார், விளக்குக்கு அடியில் இருந்த ஓட்டுத் தகட்டையும் தொட்டார். தண்ணீருக்குப் போனதுதான் பதினைந்து, முப்பது என்று எழுதினால் அது பொய் என்றார்.

"மிச்சப் பாதி இந்த அறைக்குள்ளைதான் நிக்குது, உங்களுக்கு வேர்க்கேல்லையோ எண்டு கேட்டன். மூண்டு பேரும் சிரிச்சவை" என்றார் அம்மா. அவரும் சிரித்தார். முகம் கொஞ்சம் சிவந்திருந்தது, இரண்டு மாடி ஏறி இறங்கிய களைப்பு என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தத் தலைவர் தட்டோடு கன்டீன் வரிசையில் வந்து, வேலை உங்களுக்குத்தான் என்று சொன்னார். இன்டர்வியூவுக்கு வந்தவர்களில் ஒருவர், பட்டம் படித்தவர், இருபத்தொன்பது தசம் எட்டு என்று எழுதிக் கொடுத்தாராம். செப்புப் பாத்திரத்தை வைத்துக்கொண்டு யாரும் புத்தகத்துக்கு அவ்வளவு கிட்டப் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும். அம்மா தலைவருக்கு உருளைக்கிழங்கு வைக்கவே மறந்துவிட்டார். வெறும் கோழித் துண்டோடு அவர் போய் உட்கார்ந்தாராம்.

வீட்டில் அம்மா அப்பாவிடமும் சின்னம்மாவிடமும் ஒரே விஷயத்தைத்தான் சொன்னார். பிள்ளை தந்த சொல்லைத்தான் கொண்டுபோனேன், பிள்ளையாலேதான் இது நடந்தது. அப்பா என் தலையைத் தடவினார். முழங்காலுக்கு நடுவர் வராவிட்டாலும் மகள் கெட்டிக்காரி என்று நினைத்திருப்பார். திங்கட்கிழமை என் வகுப்பில், என் அம்மாவுக்கு நானே வேலை எடுத்துக் கொடுத்தேன் என்று அறிவித்தேன். யாரும் நம்பவில்லை என்பது அவர்களுடைய குறை.

புது வேலை தொடங்கியதும் எனக்கும் வேலை கூடியது. பின்னேரங்களில் அம்மா கொப்பியோடு வந்து உட்காருவார். முகவை, அளவி, குழாயி, இடுக்கி என்று ஆய்வுகூடக் கருவிகளுக்குத் தனக்குத் தெரிந்த பெயர்களைச் சொல்லி, படம் வரைந்து காட்டி, ஆங்கிலம் கேட்பார். மின்னஞ்சலில் வந்த வசனங்களைக் காட்டி இதற்கு என்ன அர்த்தம், நான் என்ன பதில் எழுதுவது என்று கேட்பார். நான் முன்போலவே தயங்காமல் கொடுத்தேன். ஒரே ஒரு புதுப் பழக்கம் மட்டும் அவருக்கு வந்திருந்தது. நான் ஒவ்வொரு சொல்லைச் சொன்னதும் என் முகத்தைப் பார்த்து, "நிச்சயமோ?" என்று கேட்பார். ஓம் என்பேன். எழுதிக்கொள்வார். எனக்கு அது எரிச்சலாக இருந்தது. பெரிய இடத்தில் வேலை கிடைத்ததும் என்னையே சந்தேகப்படுகிறார் என்று நினைத்தேன். அதனால் 'ஓம்' இன்னும் சத்தமாக வந்தது.

ஏறக்குறைய இரண்டு வருஷம் கழித்து நானும் அதே பள்ளிக்கூடத்தில் சேர்ந்தேன். ஒரு நாள் இரசாயன வகுப்பு. படிப்பித்தவர் அதே தலைவர். எரிபொருள்கள் என்று தொடங்கி, எரிதலுக்குப் பலகையில் கொம்பஸ்ஷன் என்று எழுதினார். நான் கை உயர்த்தினேன். வேறு யாராவது அதைச் செய்திருப்பார்களா தெரியாது, நான் செய்தேன். "சேர், அது கிரெமேஷன்" என்றேன்.

வகுப்பு வெடித்துச் சிரித்தது. கதிரையிலிருந்து ஒருவன் விழுந்தே விட்டான். தலைவர் மட்டும் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தார், என் பெயரைப் பட்டியலில் பார்த்தார், பிறகு வகுப்புக்கு வந்திருந்த தள்ளுவண்டியை மெல்ல என் பக்கமாகத் திருப்பினார். எதனோல் விளக்குகள் அடுக்கியிருந்த தட்டில் ஒரு வெள்ளை லேபல். அதில் கிரெமேஷன் என்று பெரிய ஆங்கில எழுத்துகளில், அம்மாவின் கட்டம் கட்டமான கையெழுத்தில் எழுதியிருந்தது.

"இந்த லாப்பில் அதற்கு அதுதான் பெயர்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, பாடத்தைத் தொடர்ந்தார்.

மணி அடித்ததும், கருவிகளை ஆயத்தம் செய்யும் அறைக்கு ஓடினேன். அம்மா வெள்ளைக் கோட்டோடு கண்ணாடி முகவைகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தார். முகம் எரிய எரிய, அந்தச் சொல் பிழை என்று எப்போது தெரியும் என்று கேட்டேன்.

"இன்டர்வியூ அண்டைக்கே தெரியும். வெளிக்கிடேக்கை கதவடியிலை வைச்சு அவர் மெல்லமாச் சொன்னவர். பிறகு இஞ்சை பகிடிக்குச் சொல்லிச் சொல்லி அதுவே பேராப் போட்டுது. நான்தான் எழுதி ஒட்டினனான்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

அம்மா இன்னொரு முகவையை எடுத்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார்.

"சொன்னால் நீ பிறகு வாய் திறந்திருப்பியோ? மிச்சச் சொல்லுகளை நான் ஆரிட்டைக் கேக்கிறது?"

மகளின் மனம் நோகக்கூடாது என்று ஒரு தாய் செய்த காரியம் என்றே அன்று எடுத்துக்கொண்டேன். நெகிழ்ந்துபோய் அவரைக் கட்டிப்பிடித்தேன். கோட் முழுக்க ஸ்பிரிட் வாசம். அம்மா என்மேல் எவ்வளவு பாசம் என்று நினைத்தபடி அடுத்த வகுப்புக்கு ஓடினேன்.

மிச்சச் சொற்களைப் பற்றி நான் யோசிக்கவில்லை. என் சொல் பிழையாகும் என்று அம்மா அறிந்த நாளுக்குப் பிறகும், இரண்டு வருஷமாக ஒவ்வொரு பின்னேரமும் என்னிடம்தான் வந்து கேட்டிருக்கிறார். வேறு ஆள் இல்லை. அடுத்த நாள் எந்தச் சொல் தன்னை யார் முன்னால் கவிழ்க்கும் என்று தெரியாமலே, அவற்றையெல்லாம் கொப்பியில் எழுதி, அந்த இரண்டு மாடிகளையும் ஏறியிருக்கிறார். கையில் இருந்த ஒரே பாதுகாப்பு, என் முகத்தைப் பார்த்துக் கேட்ட அந்த ஒற்றைக் கேள்விதான். ஒரு தடவையாவது 'எனக்குத் தெரியாது, அம்மா' என்று நான் சொல்லியிருந்தால், மற்ற நாட்களில் நான் சொன்ன 'ஓம்'களை அவர் நம்பிக் கொண்டுபோயிருக்கலாம். அந்த வயதில் எனக்கு அது விளங்கவில்லை. அன்று பின்னேரமும் அவர் கொப்பியோடு வந்து உட்கார்ந்து, ஒரு சொல்லைக் கேட்டு, நிச்சயமோ என்றார். எனக்கு அந்தச் சொல் தெரியாது. ஓம் என்றேன்.